இசைக்கலைஞர் காப்பிரைட்டர் ஆக முடியுமா?

கேள்வி இதுதான்: "பத்து வருடமாக மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். ஒரு விளம்பர ஏஜென்சியில் தமிழ் காப்பிரைட்டர் (விளம்பர வாசகங்கள் எழுதுபவர்) வேலைக்கு ஆள் தேடுகிறார்கள். இசையைத் தவிர வேறெதுவும் படிக்காதவன் அதற்கு விண்ணப்பிக்கலாமா? அப்படிப் போய் நிலைத்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?"

தாராளமாக விண்ணப்பியுங்கள். நிலைத்தவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்த வழியில் வந்தவன்தான். மிருதங்கம் கற்று, கல்யாணக் கச்சேரிகளில் தபேலாவும் டோலக்கும் வாசித்துக்கொண்டிருந்தேன். அதன்பின் இருபது வருடத்துக்கு மேல் சென்னையில் விளம்பர வரிகள் எழுதிச் சம்பாதித்திருக்கிறேன். என் கதை பிறகு வரும். அதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஒருவர் இருக்கிறார்: பில்லி டேவிஸ்.

1932-இல் பிறந்த டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பினப் பாடலாசிரியர் அவர். பின்னாளில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய பெர்ரி கோர்டியோடு சேர்ந்து பாட்டெழுதியவர். ஜாக்கி வில்சன் பாடிப் பெரும் வெற்றி பெற்ற 'ரீட் பெட்டீட்' 1957-இலும் 'லோன்லி டியர்டிராப்ஸ்' 1958-இலும் வந்தன. இரண்டிலும் டேவிஸின் கை உண்டு. டைரன் கார்லோ என்ற புனைபெயரில் எழுதுவார். பிறகு சிகாகோவில் செஸ் ரெக்கார்ட்ஸில் பாடகர்களைத் தேர்ந்தெடுப்பது, பாட்டு தயாரிப்பது என்று சில வருடங்கள் போயின. இவ்வளவுக்கும் பிறகு 1968-இல் நியூயார்க்கில் மெக்கேன் எரிக்சன் என்ற விளம்பர ஏஜென்சியில் இசை இயக்குநராகப் போய்ச் சேர்ந்தார். கோகோ கோலா வானொலி விளம்பரங்களின் இசை அவர் பொறுப்பு. ஹிட் பாடல் எழுதிக்கொண்டிருந்தவர் ஏஜென்சி மேசைக்கு வருவார் என்று அந்தக் காலத்தில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அங்கே அவருக்கு அமைந்த கூட்டாளி பில் பேக்கர். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் வளர்ந்து யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர், தானே பாட்டெழுதி மெட்டமைப்பவர். மெக்கேனில் தபால் அறையில் கடிதம் பிரிக்கும் வேலையில் நுழைந்து, படிப்படியாக கோகோ கோலா விளம்பரங்களின் படைப்புத் தலைவர் ஆனார். 'கோக் இருந்தால் எல்லாமே இன்னும் நன்றாக இருக்கும்' என்ற பொருள்படும் 1963-ஆம் வருட ஜிங்கிள், அதாவது விளம்பரப் பாட்டு, அவர் எழுதியது. அதை ஒரே குரலில் திரும்பத் திரும்ப ஒலிபரப்பாமல், புகழ்பெற்ற பாடகர்களிடம் கொடுத்து அவரவர் பாணியில் பாட வைத்தார்கள். பாடகரை மதிக்கத் தெரிந்த ஒருவருக்குத்தான் அந்த யோசனை வரும் என்பது என் எண்ணம்.

1971 ஜனவரி 18. பேக்கர் லண்டனுக்கு விமானத்தில் போகிறார். டேவிஸும், ரோஜர் குக், ரோஜர் கிரீனவே என்ற இரண்டு இங்கிலாந்துப் பாடலாசிரியர்களும் அங்கே காத்திருக்கிறார்கள். லண்டனில் கடும் பனிமூட்டம், அதனால் விமானத்தை அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். தங்க இடம் போதவில்லை, பயணிகளுக்குள் கோபம், சத்தம். மறுநாள் காலை பார்த்தால் முந்தைய இரவு கொதித்த அதே ஆட்கள் விமான நிலையக் காபிக் கடையில் கோக் பாட்டில்களோடு உட்கார்ந்து கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'உலகத்துக்கே ஒரு கோக் வாங்கிக் கொடுத்துத் துணையாக இருக்க வேண்டும்' என்ற வரியை பேக்கர் ஒரு காகித நாப்கினில் எழுதினார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நாப்கினோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டிய பாடம் அடுத்து லண்டனில் நடந்ததில் இருக்கிறது. நாப்கின் வரியைக் கேட்ட டேவிஸுக்கு உற்சாகம் வரவில்லை. உலகத்தில் எல்லாருக்கும் ஏதாவது செய்ய முடிந்தால் நான் கோக்கா வாங்கிக் கொடுப்பேன், முதலில் ஆளுக்கொரு வீடு வாங்கிக் கொடுப்பேன், அமைதியையும் அன்பையும் பகிர்ந்துகொள்வேன் என்ற அர்த்தத்தில் சொன்னார். பேக்கர் அதைத் தள்ளிவிடவில்லை. சரி, அதையே எழுதுவோம், கோக் அதில் எங்கே பொருந்தும் என்று நான் காட்டுகிறேன் என்றார். குக்கும் கிரீனவேயும் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு பாட்டை முடித்தார்கள்.

தொலைக்காட்சியில் வந்த பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். முதலில் வீடு, அதில் நிறையும் அன்பு. அடுத்து ஆப்பிள் மரம், தேனீ, வெண்புறா. மூன்றாவதாக உலகமே சேர்ந்து பாடும் ஆசை. நான்காவது வரியில்தான் கோக் வருகிறது. காசு கொடுக்கும் கம்பெனியின் பெயரை மூன்று வரி காத்திருக்க வைத்திருக்கிறார்கள். 'முதல் ஐந்து விநாடிக்குள் பிராண்ட் பெயர் வரட்டும்' என்று கிளையன்ட் கேட்கும் கூட்டங்களில் உட்கார்ந்தவன் நான், அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று எனக்குத் தெரியும். ஒரு பாட்டு எங்கே தொடங்கி எங்கே ஏறி எங்கே போய் உட்கார வேண்டும் என்று அறிந்தவர்கள் மேசையைச் சுற்றி இருந்ததால்தான் அந்த வரிசை அமைந்தது. பல்லவியைப் பிடிக்க எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று மேடையில் வாசிக்கும் உங்களுக்குத் தெரியுமே, அந்த அறிவுதான் அது.

பாட்டு பிப்ரவரி 12 அன்று அமெரிக்க வானொலிகளுக்குப் போனது. எடுபடவில்லை. கோக் பாட்டிலில் அடைத்து விற்கும் உள்ளூர் முதலாளிகளுக்கே பிடிக்கவில்லை. பேக்கர் விடாமல் போராடித் தொலைக்காட்சிப் படத்துக்குப் பணம் வாங்கினார். இங்கிலாந்தின் டோவர் பாறைகளில் எடுக்க நினைத்தது மழையில் கெட்டது. இத்தாலியில் ரோம் அருகே குன்றின்மேல் பல நாட்டு இளைஞர்களை நிறுத்தி எடுத்து முடித்தபோது செலவு 2,50,000 டாலரைத் தொட்டிருந்தது. ஜூலையில் அமெரிக்காவில் ஒளிபரப்பானது. நவம்பருக்குள் கம்பெனிக்கும் பாட்டில் முதலாளிகளுக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் கடிதங்கள். வானொலி நிலையங்களுக்கு ஃபோன் செய்து 'அந்த விளம்பரத்தைப் போடுங்கள்' என்று ஜனங்கள் கேட்டார்கள். பிராண்ட் பெயரை எடுத்துவிட்டுச் சாதாரணப் பாட்டாகவும் வெளியிட்டார்கள். நியூ சீக்கர்ஸ் குழு பாடியது 1972 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அமெரிக்காவில் ஏழாவது இடம் வரை ஏறியது. அதன் உரிமத் தொகையில் முதல் 80,000 டாலரை யுனிசெஃபுக்குக் கொடுத்தார்கள்.

விளம்பர வரியிலிருந்து பிராண்ட் பெயரை உருவிவிட்டால் மிச்சம் ஏதாவது நிற்கிறதா? நான் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் வைக்கும் சோதனை இது. பெரும்பாலான வரிகள் இதில் தோற்றுவிடும்.

இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்துக்கு இசையமைப்பது வேறு, காப்பிரைட்டர் வேலை வேறு. பாடகர் பேரி மேனிலோ புகழ் பெறுவதற்கு முன்பு 1971-இல் ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மெட்டுப் போட்டார். கிடைத்தது 500 டாலர். அந்த மெட்டு இன்றும் அமெரிக்காவில் ஒலிக்கிறது. ஆனால் 'நல்ல பக்கத்து வீட்டுக்காரர் போல' என்ற அந்த வரியை எழுதியவர் கீத் ரெய்னார்ட் என்ற ஏஜென்சி எழுத்தாளர். நம் ஊரில் ஏ.ஆர். ரஹ்மான் 1992-இல் 'ரோஜா' வருவதற்கு முன் பல வருடங்கள் விளம்பரங்களுக்கு இசையமைத்தார், அவரும் இசையின் பக்கமே நின்றவர். காப்பிரைட்டர் மேசையில் உங்களிடம் எதிர்பார்ப்பது மெட்டு அல்ல. பொருள் யாருக்கு, அவர்கள் மனதில் இப்போது என்ன இருக்கிறது, அதில் எதை மாற்ற வேண்டும், அதற்கு எந்தச் சொல் என்பதைத்தான் கேட்பார்கள். சிலநாள் முழுக்க ஒரு பிரஷர் குக்கர் துண்டறிக்கை மட்டும் எழுதுவீர்கள். அதில் இசைக்கு இடமே இருக்காது.

இப்போது நான் வந்த கதை. ஒரு ரெக்கார்டிங்கில் தபேலா வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் விளம்பரம். இந்தியில் தயாரான பாட்டு, மெட்டு அப்படியே இருக்கும், தமிழ் வரி மட்டும் புதிது. இந்தியில் முடிக்குச் சொல்லும் சொல் நம் காதுக்குப் 'பால்' போலக் கேட்கும் நெடில் சொல். அந்த நெடிலுக்கு ஏற்ற மாதிரி இசையமைப்பாளர் அந்த இடத்தில் நீண்ட சுரம் வைத்திருந்தார். தமிழில் எழுதியவர் அதே இடத்தில் 'முடி' என்று போட்டுவிட்டார். பாடகி என்ன செய்வார்? சுரம் நீளம், அதனால் நீட்டினார். 'மூடி' என்று கேட்டது. 'உங்கள் மூடி அடர்த்தியாக வளரும்' என்று நாலு தடவை டேக் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்குப் பொறுக்கவில்லை. தயங்கித் தயங்கி, "சார், அந்த இடத்துல 'கூந்தல்'னு போட்டா சரியா வரும், முதல் எழுத்தே நெடில்" என்றேன். பாடகி உடனே பாடிப் பார்த்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. ஏஜென்சியிலிருந்து வந்திருந்தவர் மீதி வரிகள் இருந்த தாளையும் என் கையில் கொடுத்தார். அடுத்த மாதம் இன்னொரு விளம்பரத்துக்குக் கூப்பிட்டார்கள், தபேலாவுக்கு இல்லை.

தமிழில் இது ஒரு சொல்லோடு நிற்கிற பிரச்சினை இல்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தொல்காப்பியம் வகுத்த கணக்கு இன்றும் நம் வாயில் உயிரோடு இருக்கிறது. குறிலை நீட்டினால் பொருள் மாறிவிடும். பற்பசை விளம்பரத்தில் 'பல்' நீண்டால் 'பால்'. 'கல்' நீண்டால் 'கால்', 'படி' நீண்டால் 'பாடி'. இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் போட்ட மெட்டில் தமிழை அமர்த்தும்போது இந்தக் கண்ணிவெடிகள் வழியெல்லாம் இருக்கும். தப்பிக்க வழிகளும் உண்டு. நெடிலில் தொடங்கும் சொல்லைத் தேடலாம். அல்லது உயிரை நீட்டாமல் 'ல்', 'ன்', 'ம்' போன்ற மெய்யைப் பிடித்து நிற்கச் சொல்லலாம்: 'பல்ல்ல்லுக்கு' என்று பாடினால் பால் ஆகாது. இல்லையென்றால் சொல்லை அரை அட்சரம், அதாவது தாளத்தில் அரை அடி, தள்ளி எடுத்துவிடலாம். இலக்கணம் தெரிந்த எழுத்தாளருக்கு முதல் வழி தெரியும். மற்ற இரண்டும் மேடையில் பாடகரோடு வாசித்தவருக்குத்தான் சட்டென்று தோன்றும்.

வாக்கிய அமைப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். விளம்பரத்துக்கோ பிராண்ட் பெயர் கடைசியில் விழ வேண்டும். அந்த இடத்தில் 'பயன்படுத்துங்கள்' வந்து உட்கார்ந்தால் சமத்தில் (தாளச் சுற்று தொடங்கும் இடத்தில்) வந்து விழும் அடியின் பலமெல்லாம் அந்தச் சொல்லுக்குப் போய்விடும். யாரும் 'பயன்படுத்துங்கள்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளப் போவதில்லை. நான் பெரும்பாலும் வினையை முழுக்க விட்டுவிடுவேன், அல்லது முந்தைய வரியிலேயே முடித்துவிட்டுக் கடைசி வரியைப் பெயராக விடுவேன். மிருதங்கத்தில் தீர்மானம் என்ற முடிப்புச் சொல்கட்டை வைத்து முடிக்கிறபோது கடைசி அடி எதன்மேல் விழ வேண்டும் என்று யோசிப்போமே, அதே யோசனைதான்.

நேரக் கணக்கு உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தது. 30 விநாடி விளம்பரம், நிமிடத்துக்கு 120 அடி வேகம் என்றால் மொத்தம் 60 அடி. ஆவர்த்தனம் என்ற ஒரு சுற்றுக்கு எட்டு அடி உள்ள ஆதி தாளத்தில் ஏழரை ஆவர்த்தனம். மற்றவர்கள் அந்த அரையைப் பார்த்துத் திணறுவார்கள். ஏழு ஆவர்த்தனம் பாட்டு, 28 விநாடி. மிச்சம் நாலு அடி, இரண்டு விநாடி, அதில் இசை நின்று பொருளின் பெயர் மட்டும். அந்த நிசப்தத்துக்கு இடம் ஒதுக்கி எழுதுவதற்கு எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, மிருதங்க வாத்தியார் கார்வை (நடுவில் இடைவெளி) விடச் சொல்லி அடித்த அடி போதுமாக இருந்தது. பேச்சு விளம்பரமாக இருந்தால் 30 விநாடிக்கு 45 தமிழ்ச் சொல்லுக்கு மேல் நான் எழுதுவதில்லை. நம் சொற்கள் நீளம். ஆங்கிலப் பிரதியை அப்படியே தமிழாக்கிக் கொடுத்தால் வாசிப்பவர் மூச்சு விடாமல் ஓட வேண்டியிருக்கும்.

ஒரு பாட்டு எப்படி ஒருவரை எழுத்தாளராக மாற்றும் என்பதற்கு இந்திய உதாரணம் ஒன்று உண்டு. பியூஷ் பாண்டே 1982-இல் ஓகில்வியில் சேர்ந்தபோது எழுத்தாளர் அல்ல. கிரிக்கெட் ஆடியவர், தேயிலை ருசி பார்க்கும் வேலை செய்தவர். ஏஜென்சியில் கிளையன்ட்டைக் கவனிக்கும் பிரிவில் இருந்தார். பாட்டு வீட்டிலேயே இருந்தது, பாடகி இலா அருண் அவருடைய அக்கா. 1988 சுதந்திர தினத்தன்று தூர்தர்ஷனில் வந்த 'மிலே சுர் மேரா தும்ஹாரா' பாட்டுக்கு அவரை வரி எழுதச் சொன்னவர் ஓகில்வியின் படைப்புத் தலைவர் சுரேஷ் மல்லிக். எழுதியதையெல்லாம் திரும்பத் திரும்பத் திருத்தச் சொல்லி, கடைசியில் ஒன்றை ஏற்றார். அதில் நம் பாலமுரளிகிருஷ்ணா தமிழில் பாடும் பகுதியை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். பாண்டே பிறகு நாட்டின் மிகப் பெரிய விளம்பர எழுத்தாளர்களில் ஒருவர் ஆனார். அத்தனை முறை திருப்பி அனுப்பியும் கோபித்துக்கொள்ளாமல் மறுபடி எழுதினாரே, அதைக் கவனியுங்கள்.

ஏனென்றால் இசைக்கலைஞர்கள் இந்த வேலையில் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். மேடையில் நம்மை யாரும் நடுவில் நிறுத்தித் திருத்துவதில்லை. ஏஜென்சியில் உங்கள் வரியை ஆறு பேர் படித்து ஆறு விதமாக அபிப்பிராயம் சொல்வார்கள், சிலர் உங்களைவிட வயதில் சிறியவர்கள். அப்புறம் இன்னொரு பழக்கமும் உண்டு: ஓசை நன்றாக இருந்துவிட்டால் நமக்கு அர்த்தம் பற்றிக் கவலை போய்விடும். மோனையும் எதுகையும் தானாக வந்து விழும், கேட்க இனிக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. என் முதல் இரண்டு வருடம் முழுக்க இப்படிப்பட்ட வரிகள்தான். ஒரு மூத்த எழுத்தாளர் எனக்கு ஒரு வழி சொன்னார்: எழுதியதைப் பாடாதே, ராகம் இல்லாமல் மளிகைக் கடைச் சீட்டுப் படிப்பது போலப் படி, அப்போதும் ஏதாவது சொல்கிறதா என்று பார். இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

படிப்பு இல்லையே என்று தயங்காதீர்கள். நான் பார்த்தவரை நல்ல ஏஜென்சிகளில் முதலில் கேட்பது நீங்கள் எழுதியவற்றின் தொகுப்பை, சான்றிதழை அல்ல. வேலையில் இல்லாதபோதும் அதைத் தயார் செய்யலாம். பொருள்களை நீங்களே தேர்ந்தெடுங்கள்: உங்கள் தெரு இட்லி மாவுக் கடை, ஒரு தையல் மெஷின், ரத்த தானம், ஊர் நூலகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்திரிகை விளம்பரம், ஒரு 30 விநாடி வானொலி விளம்பரம், மூன்று டேக்லைன். பாட்டு ஒன்றோ இரண்டோ போதும். எல்லாமே பாட்டாக இருந்தால் உங்களை ஜிங்கிள் ஆளாக முத்திரை குத்திவிடுவார்கள். வானொலி விளம்பரங்களை ஃபோனில் நீங்களே பேசிப் பதிவு செய்து சேருங்கள். அது பெரும்பாலான விண்ணப்பதாரர்களிடம் இருக்காது.

சம்பளத்தைப் பற்றியும் யோசித்திருப்பீர்கள். தொடக்கத்தில் சீசன் மாதங்களில் கச்சேரியில் வருவதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் ஆடி மாதத்திலும் வரும். கச்சேரியை விட்டுவிட வேண்டியதில்லை, சனி ஞாயிறுகளில் நான் பல வருடம் வாசித்தேன், அது என் எழுத்துக்கு உதவியதே தவிரக் கெடுக்கவில்லை. கூட்டம் எந்த வரியில் கை தட்டுகிறது, எந்த வரியில் ஐஸ்கிரீம் வாங்க எழுந்து போகிறது என்று வாராவாரம் நேரில் பார்க்கக் கிடைக்கும் காப்பிரைட்டர்கள் குறைவு.

நேர்காணலுக்குப் போகும் முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். டிவியில் ஓடும் விளம்பரங்களில் இந்தியிலிருந்து மாற்றிய, காதுக்கு ஒட்டாத தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பிடியுங்கள். மெட்டைத் தத்தகாரமாக, 'தன தானன' என்று, எழுதிக்கொள்ளுங்கள், எங்கே நீண்ட சுரம், எங்கே குறுகல் என்று குறியுங்கள். அதே நீளத்தில் உங்கள் வரிகளை அமைத்து, வீட்டில் அம்மாவிடமோ அக்காவிடமோ ஒரே ஒரு முறை பாடிக் காட்டுங்கள். இரண்டு நாள் கழித்து எந்தச் சொல் நினைவிருக்கிறது என்று கேளுங்கள். பொருளின் பெயர் வரவில்லை என்றால் திருத்தி எழுதி, இந்தத் தடவை வேறொருவரிடம் பாடுங்கள். பழைய வரி, உங்கள் வரி இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதித் தொகுப்பின் முதல் பக்கமாக வையுங்கள்.